துணைப் பாத்திரங்களுக்குப் புள்ளி செலவிடுவது வீணா?

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி 2024

வார்ஹாமர் 40,000 என்னும், பொம்மைப் படைகளைக் கொண்டு மேசையில் ஆடும் போர் ஆட்டத்தின் பத்தாம் பதிப்புக்காக 2000 புள்ளி (ஒவ்வொரு பிரிவுக்கும் புள்ளியில்தான் விலை) ஸ்பேஸ் மரைன் படை ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். கேப்டனும் ஓர் எபிக் ஹீரோவும் (தனிப் பெயருள்ள நாயகர்) எடுத்தாயிற்று. அப்போதிகரி (மருத்துவர்), ஏன்ஷியன்ட், டெக்மரைன், ஜூடிசியார் ஆகிய துணைப் பாத்திரங்களை என்னோடு ஆடுபவர்கள் யாரும் களத்தில் இறக்குவதில்லை. அவர்கள் கொல்வது குறைவு. தனித்து நின்றால் எளிதில் சாகிறார்கள். அந்தப் புள்ளிகளுக்கு ஐந்து பேர் கொண்ட இன்னொரு பிரிவை எடுப்பதே சரி என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உண்டா?

5 பிப்ரவரி 2024

உண்டு. ஒரு துணைப் பாத்திரம் தன் கையால் எத்தனை பேரைக் கொல்கிறது என்று கணக்கிடுவதே தவறான தொடக்கம். அது சேர்ந்திருக்கும் பிரிவு எந்தக் கட்டத்தில் தோற்கும், அந்தக் கட்டத்தில் இந்த ஒருவரால் என்ன மாறும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதற்கு விடை கிடைக்காத பாத்திரத்தை நானும் எடுப்பதில்லை.

அப்போதிகரியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஒவ்வொரு முறையும் தொடங்கும் கமாண்ட் கட்டத்தில், தன் பிரிவில் அழிந்த ஒரு மாடலை (பொம்மை வீரரை) அவர் திரும்பக் கொண்டுவருகிறார். இதற்குப் பகடை உருட்ட வேண்டியதில்லை. ஒரு முறைக்கு ஒருவர் என்பது மிகவும் குறைவு என்றுதான் எல்லோரும் ஒதுக்குகிறார்கள். ஆனால் அந்த ஒருவர் எப்போது வருகிறார் என்பதைக் கவனியுங்கள். கமாண்ட் கட்டத்தில் முதலில் இத்தகைய திறன்கள் எல்லாம் நிறைவேறுகின்றன. அதன் பிறகே பேட்டில்-ஷாக் சோதனை, அதாவது பாதிக்கு மேல் இழந்த பிரிவின் மனவுறுதிக்கான பகடை வீச்சு. கட்டத்தின் இறுதியில்தான், களத்தில் பிடித்து வைத்திருக்கும் ஆப்ஜெக்டிவ் மார்க்கர்களுக்கான புள்ளிகளை எண்ணுகிறோம். எனவே திரும்பி வரும் மாடல், சோதனைக்கு முன்பும் எண்ணிக்கைக்கு முன்பும் களத்தில் நிற்கிறது.

ஐந்து இன்டர்செசர்களும் (சாதாரணக் காலாட்படை மரைன்கள்) ஓர் அப்போதிகரியும் சேர்ந்த பிரிவின் தொடக்க பலம் 6. எதிராளியின் முறை முடியும்போது ஓர் இன்டர்செசரும் அப்போதிகரியும் மட்டும் எஞ்சினால் அது பாதிக்குக் கீழ், சோதனை உண்டு. ஸ்பேஸ் மரைன்களின் லீடர்ஷிப் 6+ (இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 6 அல்லது அதற்கு மேல் வர வேண்டும்) என்பதால் அந்தச் சோதனையில் தோற்கும் வாய்ப்பு 36-இல் 10, அதாவது ஏறக்குறைய 28 விழுக்காடு. தோற்றால், மார்க்கரைப் பிடிக்கும் வலுவைச் சொல்லும் அவர்களுடைய ஆப்ஜெக்டிவ் கண்ட்ரோல், இனி ஓ.சி. என்று எழுதுகிறேன், பூஜ்யமாகிவிடும். அப்போதிகரி ஒருவரை எழுப்பிவிட்டால் எண்ணிக்கை 3; அது பாதிக்குக் கீழ் அல்ல; சோதனையே இல்லை. இரண்டு இன்டர்செசர்களுக்கு 4, அவருக்கு 1 என 5 ஓ.சி. அந்த மார்க்கரின் மேல் நிற்கும். போர்க்களத்தில் அவர் யாரையும் கொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட அந்தக் கூடுதல் பிரிவு மேசையின் வேறு மூலையில் நின்றுகொண்டு இதைச் செய்திருக்க முடியாது.

5 பிப்ரவரி 2024, இரவு

பாதி பலம் பற்றி ஒரு சிறு சேர்க்கை. தனி ஐந்து பேர் பிரிவு மூவரை இழந்ததும் பாதிக்குக் கீழே போகிறது. ஒருவர் சேர்ந்து ஆறானால் நால்வரை இழக்க வேண்டும். பத்துப் பேர் பிரிவிலோ ஒருவர் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஆறு இழப்பில்தான் அந்த நிலை வருகிறது. ஏனெனில் 10-இல் 4 எஞ்சுவதும் 11-இல் 5 எஞ்சுவதும் பாதிக்குக் கீழ்தான். இந்த ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால் துணைப் பாத்திரம் சிறிய பிரிவுக்குக் கூடுதலாக உதவுகிறது. பெரிய பிரிவுக்கு வேறு காரணங்கள் வேண்டும். அவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

9 பிப்ரவரி 2024

"தாக்குதலைக் கூட்டும் பாத்திரம் என்றால் எதுவாக இருந்தாலும் ஒன்றுதானே" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. லெப்டினன்டும் சாப்ளினும் கூட்டுவது ஒரே அளவு அல்ல. ஒவ்வொருவரும் எந்த இலக்கின் மேல் எவ்வளவு கூட்டுகிறார் என்பதும் வேறுபடுகிறது.

லெப்டினன்ட் தன் பிரிவுக்கு லீத்தல் ஹிட்ஸ் தருகிறார். ஒவ்வொரு தாக்குதலுக்கும் முதலில் இலக்கில் படுகிறதா என்ற ஹிட் வீச்சு, பிறகு காயப்படுத்துகிறதா என்ற வூண்ட் வீச்சு. ஹிட் வீச்சில் மாற்றமில்லாத 6 விழுந்தால் அது வூண்ட் வீச்சின்றியே காயமாகிறது. 3+ இல் (பகடையில் 3 அல்லது அதற்கு மேல்) ஹிட் செய்யும் பிரிவை வைத்துக் கணக்கிட்டேன். இலக்கை 3+ இல் காயப்படுத்தும் நிலையில் அவரால் கிடைக்கும் கூடுதல் பயன் 12.5 விழுக்காடு மட்டுமே. 4+ என்றால் 25 விழுக்காடு. 5+ என்றால் 50. காயப்படுத்த 6 தேவைப்படும் இலக்கின் மேல் அது 125 விழுக்காடு. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே லெப்டினன்டை, தன் ஆயுதத்துக்கு மிஞ்சிய இலக்குகளைச் சுட வேண்டிய பிரிவோடு சேர்க்க வேண்டும். ஏற்கெனவே எளிதாகக் காயப்படுத்தும் பிரிவில் அவர் இருந்து பயனில்லை. பின்வாங்கிய பிறகும் அவருடைய பிரிவு சுடலாம், சார்ஜும் செய்யலாம் (நேர்ச்சண்டைக்குப் பாயலாம்) என்ற இரண்டாவது திறன் இருக்கிறது. அதைப் பலர் படிப்பதே இல்லை. எதிராளி உங்கள் துப்பாக்கிப் பிரிவை ஒரு மலிவான பிரிவால் கட்டிப்போட்டு ஒரு முறையை வீணாக்கும் உத்தி அவரிடம் பலிக்காது.

சாப்ளின் நேர்ச்சண்டையில் வூண்ட் வீச்சுக்கு 1 கூட்டுகிறார். பலம் 4 உள்ள கத்திகள், இலக்கின் டஃப்னஸ் (தாங்கும் திறன்) 3 என்றால் அதன் மேல் 25 விழுக்காடு கூடுதலாகவும், 4 மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும், 5 முதல் 7 வரை 50 விழுக்காடு கூடுதலாகவும் காயப்படுத்தும். 8 அல்லது அதற்கு மேல் போனால் சரியாக இரட்டிப்பு. இருவரிடமும் உள்ள ஒற்றுமை இதுதான்: இலக்கு எவ்வளவு கடினமோ அவ்வளவு இவர்கள் மதிப்பு ஏறுகிறது. எதிராளியிடம் மெல்லிய காலாட்படையே நிறைந்திருக்கும் ஆட்டங்களில் இருவரும் ஏமாற்றமளிப்பார்கள். அங்கே உங்கள் கூடுதல் பிரிவுதான் சரி, அதை மறுக்கவில்லை.

10 பிப்ரவரி 2024

ஆர்க் என்னும் வேறு இனப் படை வைத்திருக்கும் இன்னொரு வாசகர், அதன் மருத்துவரான பெயின்பாய் தரும் ஃபீல் நோ பெயின் 5+ (5 அல்லது 6 விழுந்தால் இழப்பு ரத்து) "எப்போதும் உயிரை ஒன்றரை மடங்காக்கும்" என்று எழுதியிருக்கிறார். அந்த "எப்போதும்" சரியல்ல. இதைத் தெளிவுபடுத்தாவிட்டால் அவர் தவறான பிரிவில் பெயின்பாயைச் சேர்த்துவிடுவார்.

இந்தப் பகடை, இழக்கும் ஒவ்வொரு காயப் புள்ளிக்கும் (மாடலின் உயிர்ப் புள்ளி) தனித்தனியாக உருட்டப்படுகிறது. ஒரு காயப் புள்ளி உள்ள மாடலைச் சேதம் 1 உள்ள ஆயுதம் தாக்கினால் ஒன்றரை மடங்கு சரி. அதே மாடலைச் சேதம் 2 உள்ள ஆயுதம் தாக்கினால் இரண்டு பகடையிலும் 5+ விழுந்தால்தான் அவர் பிழைப்பார். அதற்கு 9-இல் 1 வாய்ப்புதான் உண்டு என்பதால் பயன் 1.125 மடங்காகச் சுருங்குகிறது. பாய்ஸ் என்னும் ஆர்க் காலாட்படை போன்ற பெருங்கூட்டத்தின் மேல் சேதம் 2 ஆயுதங்களை யாரும் விரும்பி வீணாக்க மாட்டார்கள் என்பது ஓர் ஆறுதல்.

இரண்டு காயப் புள்ளி உள்ள மாடலில் கணக்கு எதிர்பாராத திசையில் போகிறது. சேதம் 2 ஆயுதம் இத்தகைய மாடல்களைக் கொல்லவே எடுக்கப்படுவது. ஒரு காயத்துக்கு ஒரு பிணம் என்பதே அதன் கணக்கு. ஃபீல் நோ பெயின் 5+ இருந்தால் ஒரு மாடலைக் கொல்லச் சராசரியாக 1.69 தாக்குதல்கள் தேவைப்படுகின்றன. ஏனெனில் ஒரே ஒரு பகடையில் 5+ விழுந்தாலும் மாடல் ஒரு புள்ளியுடன் நிற்கிறது, அடுத்த தாக்குதலின் மிகுதிச் சேதம் வீணாகிறது. ஒன்றரையைவிட இது கூடுதல். ஆனால் சேதம் 3 ஆயுதம் வந்தால் அதே மாடலுக்கு 1.28 மட்டுமே. ஆகவே உங்கள் எதிராளிகள் வழக்கமாக எந்தச் சேதத்தைக் கொண்டுவருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள்.

17 பிப்ரவரி 2024

ஏன்ஷியன்ட். இந்த இழையில் நான் மிகவும் அக்கறையோடு வாதாட விரும்புவது இவருக்காகத்தான்.

கொடி தாங்கும் இந்த மனிதர் தன் பிரிவின் ஒவ்வொரு மாடலுக்கும் ஓ.சி.யில் 1 கூட்டுகிறார். தாளில் படிக்கும்போது இதைவிடச் சாதுவான திறன் இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் வெற்றி பிணங்களின் எண்ணிக்கையால் தீர்மானிக்கப்படுவதில்லை. ஐந்து சுற்றுகளில் மார்க்கர்களின் மேல் யாருடைய கூட்டுத்தொகை பெரிது என்பதால் பெருமளவு தீர்மானிக்கப்படுகிறது. ஐந்து இன்டர்செசர்களுக்கு 10 ஓ.சி. ஏன்ஷியன்ட் சேர்ந்தால் அவர்களுக்கு 15, அவருக்கு 2, ஆக 17. எதிரே தலைக்கு 2 ஓ.சி. உள்ள பத்துப் பேர் வந்து மார்க்கரில் நிற்கிறார்கள், 20 என்று வைத்துக்கொள்வோம். கொடி இல்லாத பிரிவு அந்த மார்க்கரைப் பிடிக்க ஆறு பேரைக் கொல்ல வேண்டும். ஐவரைக் கொன்றால் 10-க்கு 10 என்று சமநிலைதான். கொடி இருந்தால் இருவரைக் கொன்றால் போதும். நான்கு பேரைக் கொல்லும் வேலையை ஒரு கொடி செய்திருக்கிறது. அதற்கு ஒரு பகடையும் உருட்டவில்லை.

தலைக்கு 1 ஓ.சி. உள்ள சிறப்புப் பிரிவுகளில் இது இன்னும் கூர்மையாகிறது. இன்டர்செசர்களுக்கு இந்தக் கூட்டல் பாதி மடங்கு, 1 ஓ.சி. உள்ளவர்களுக்கோ நேர் இரட்டிப்பு. நன்றாகச் சுடும், நன்றாக வெட்டும், ஆனால் மார்க்கரைப் பிடிக்கத் தகுதியில்லை என்று நாம் ஒதுக்கும் பிரிவு ஒன்று அவர் சேர்ந்ததும் இரண்டு வேலைக்கும் தகுதி பெறுகிறது. யாருடன் சேரலாம் என்ற பட்டியல் அவருடைய டேட்டாஷீட்டிலேயே (விதித்தாளிலேயே) இருக்கிறது. அதில் இத்தகைய பிரிவை முதலில் தேடுங்கள்.

நான் ஆடிய ஆட்டங்களில் எதிராளிகள் ஏன்ஷியன்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் நகர்த்தி முடித்துவிட்டு, புள்ளி எண்ணும்போது திகைத்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே அவருடைய திறனை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அறியாமையால் கிடைக்கும் வெற்றி எனக்கு வேண்டாம்; தெரிந்த பிறகும் அது வலுவான திறன்தான்.

18 பிப்ரவரி 2024

மேலே சொன்னதற்கு ஒரு வரம்பு. மார்க்கருக்குப் போகாமல் பின்னால் நின்று சுடும் பிரிவில் ஏன்ஷியன்டைச் சேர்த்தால் அவர் முழு வீண். சுற்றிலும் எதிரி இல்லாத சொந்தப் பகுதி மார்க்கரில் 1 ஓ.சி.யும் 17 ஓ.சி.யும் ஒன்றே.

2 மார்ச் 2024

ஜூடிசியார் தன் பிரிவுக்கு ஃபைட்ஸ் ஃபர்ஸ்ட் தருகிறார். இதன் முழுப் பொருளை உணர, சண்டைக் கட்டத்தின் வரிசையை நினைவில் கொள்ள வேண்டும். சார்ஜ் செய்த பிரிவும் முதல் படியில்தான் அடிக்கிறது. ஜூடிசியாரின் பிரிவும் முதல் படியில்தான் அடிக்கிறது. அந்தப் படியில் யார் தொடங்குவது என்றால், யாருடைய முறை நடக்கவில்லையோ அவர். ஆகவே எதிராளி தன் முறையில் ஓடிவந்து உங்கள் மேல் பாய்ந்தாலும் முதல் வெட்டு உங்களுடையது. சார்ஜ் செய்வதால் கிடைக்கும் முன்னுரிமையை நம்பியே கட்டப்பட்ட படைகளுக்கு இதைவிடப் பெரிய தடை இல்லை.

பிளேட்கார்ட் வெட்டரன்கள் என்னும் நேர்ச்சண்டைப் பிரிவோடு அவரை நடு மார்க்கரில் நிறுத்தி ஆடிப் பார்த்தேன். முதலில் ஆடியபோது எதிராளி பாய்ந்தார். அவருடைய முன்னணிப் பிரிவு அடிக்கும் முன்பே பாதியாகிவிட்டது. அதே நண்பரோடு மறுபடி ஆடியபோது அவர் பாயவே இல்லை. தூரத்தில் நின்று சுட்டார். அந்த ஆட்டம் முழுவதும் ஜூடிசியார் ஒரு வெட்டும் வெட்டவில்லை. முதலில் அதைத் தோல்வி என்று எண்ணினேன். பிறகு ஆட்டத்தைத் திரும்ப யோசித்தபோது, எதிராளியின் சிறந்த நேர்ச்சண்டைப் பிரிவு நடு மார்க்கரைத் தொடாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டே இருந்ததும், அவருடைய துப்பாக்கிகள் எல்லாம் என் டாங்கிகளை விட்டுவிட்டு மூன்று காயப் புள்ளியும் 4+ இன்வல்னரபிள் சேவும் (எந்த ஆயுதமும் குறைக்க முடியாத தற்காப்பு வீச்சு) உள்ள பிளேட்கார்டின் மேல் செலவானதும் புலப்பட்டது.

ஆனாலும் இதை மிகைப்படுத்த விரும்பவில்லை. எதிராளி சுடும் படை என்றால் ஜூடிசியாரின் திறனுக்கு வேலையே வராது. யாரோடு ஆடப்போகிறோம் என்று தெரியாத போட்டிக்கு ஏன்ஷியன்டை முதலில் எடுப்பேன். ஜூடிசியாரை நேர்ச்சண்டைப் படைகள் மிகுந்த குழுவில் ஆடுபவருக்குப் பரிந்துரைப்பேன்.

3 மார்ச் 2024

டெக்மரைன் பற்றிச் சுருக்கமாக. கமாண்ட் கட்டத்தில் 3 அங்குலத்துக்குள் இருக்கும் ஒரு வாகனத்துக்கு டி3 (1 முதல் 3 வரை) காயப் புள்ளிகளைத் திருப்பித் தருகிறார். அடுத்த கமாண்ட் கட்டம் வரை அதன் ஹிட் வீச்சுக்கு 1 கூட்டுகிறார். பலரும் முதலாவதைப் பார்த்து எடுக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்: 3+ இல் சுடும் வாகனம் 2+ ஆனால் ஹிட்கள் 25 விழுக்காடு கூடுகின்றன, அதுவும் ஒவ்வொரு முறையும். பழுதுபார்ப்பதற்கோ, அடிபட்டும் அழியாமல் இருக்கும் வாகனம் ஒன்று தேவை; கவனமாகச் சுடும் எதிராளி அப்படி ஒன்றை விட்டுவைப்பதில்லை.

கவனிக்க வேண்டியது, ஹிட் வீச்சின் கூட்டல் எத்தனை இடங்களிலிருந்து வந்தாலும் 1-ஐத் தாண்டாது. ஹெவி ஆயுதம் கொண்ட வாகனம் அசையாமல் நின்று சுட்டால் அதற்கு ஏற்கெனவே 1 கிடைத்துவிடுகிறது; அங்கே டெக்மரைனின் ஆசி சேராது. நகர்ந்துகொண்டே சுடும் வாகனத்தோடு, அல்லது ஹிட் வீச்சில் 1 குறைக்கும் ஸ்டெல்த் உள்ள எதிரிகளைச் சுட வேண்டிய வாகனத்தோடு அவரை வையுங்கள். வாகனத்தின் 3 அங்குலத்துக்குள் நிற்கும் வரை அவருக்கு லோன் ஆபரேட்டிவ் பாதுகாப்பு உண்டு. 12 அங்குலத்துக்கு அப்பாலிருந்து அவரைச் சுட இயலாது. டாங்கி அவரை விட்டு ஓடிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் ஓடிவிடும். இதனால் அவருக்கு ட்ரெட்நாட் போன்று நடந்து செல்லும் வாகனமே நல்ல துணை.

16 மார்ச் 2024

இதுவரை நன்மைகளையே எழுதினேன். விலையையும் எழுத வேண்டும். புள்ளிகளில் தெரியும் விலை மட்டும் அல்ல, தெரியாத விலையையும்.

முதலாவது, அசாசினேஷன் என்னும் இரண்டாம்நிலைக் குறிக்கோள். எதிராளி அதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கேரக்டர் (கேப்டன், துணைப் பாத்திரம் போன்றவர்) ஒவ்வொருவரின் சாவும் அவருக்கு வெற்றிப் புள்ளி. படையில் கேரக்டர்களை அடுக்கிக்கொண்டே போனால் அவர் அதைத் தயங்காமல் எடுப்பார். அப்போது உங்கள் மலிவான அப்போதிகரி, விலையுயர்ந்த கேப்டனைப் போலவே அவருக்கு இரையாகிறார். துணைப் பாத்திரங்கள் நல்லவர்கள் என்பதற்காக ஐந்தாறு பேரைத் திணிக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே எனக்கு முதன்மையான காரணம்.

இரண்டாவது, பிரிசிஷன். சாதாரணமாகக் காவலாக நிற்கும் பிரிவு முழுவதும் சாகும் வரை கேரக்டரைத் தொட முடியாது. பிரிசிஷன் உள்ள ஆயுதமோ அந்த வரிசையைத் தாண்டி நேராக அவரையே காயப்படுத்தலாம். நேர்ச்சண்டையில் எபிக் சேலஞ்ச் என்னும் ஸ்ட்ராட்டஜம் 1 கமாண்ட் புள்ளிக்கு இதே வசதியை எதிராளியின் கேரக்டருக்குத் தருகிறது.

துப்பாக்கியிலிருந்து காக்கும் வழி எளிது; ஆனால் ஒவ்வொரு நகர்விலும் நினைவில் இருக்க வேண்டும். சுடும் மாடலின் கண்ணுக்குக் கேரக்டர் தெரிந்தால்தான் பிரிசிஷனால் அவரைத் தேர்ந்தெடுக்க முடியும். பிரிவின் மற்றவர்கள் ஜன்னலில் நின்று சுடட்டும். துணைப் பாத்திரம் சுவருக்குப் பின்னால் இருக்கட்டும். அவருடைய திறன் பிரிவுக்குச் சேர்ந்தது என்பதால் அவர் எதையும் பார்க்க வேண்டிய அவசியமில்லை. மாடல்களுக்கு இடையே 2 அங்குல ஒட்டுதல் இருந்தால் போதும்; ஏழு பேரோ அதற்கு மேலோ உள்ள பிரிவில் இருவரோடு அந்த ஒட்டுதல் வேண்டும். துணைப் பாத்திரத்தை நகர்வின் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்துவிட்டு மற்றவர்களை அவரைச் சுற்றி நகர்த்தினால் அவர் பெரும்பாலும் வெளியில் தெரியும் இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்.

17 மார்ச் 2024

"எதிராளி அவரைச் சுட முயன்றால் அது மற்றவர்களுக்கு நல்லதுதானே" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. அவர் சாவதால் பிரிவு தன் வேலையை இழக்காது என்றால் நல்லதுதான். லெப்டினன்ட் செத்தாலும் துப்பாக்கிகள் சுடும். ஏன்ஷியன்ட் செத்தால் மார்க்கர் கைமாறும். இருவரும் ஒரே வகை இழப்பு அல்லர்.

30 மார்ச் 2024

இவர்கள் ஏன் கண்ணில் படாமல் போனார்கள் என்று கேட்டவருக்கு: ஒரு பகுதி பழக்கத்தின் விளைவு என்று நினைக்கிறேன். 2017-இல் வந்த எட்டாம் பதிப்பில் கேரக்டர்கள் பிரிவுகளில் சேரவில்லை. தனியாக நின்று, சுற்றி 6 அங்குலத்தில் இருக்கும் எல்லாப் பிரிவுகளுக்கும் தங்கள் பயனைப் பரப்பினார்கள். கேப்டனும் லெப்டினன்டும் அருகருகே நின்றால் படையின் பாதிக்கு 1-களை மீண்டும் உருட்டும் வசதி கிடைத்தது. அந்தச் சூழலில் அப்போதிகரி ஒரு மாடலைத் திரும்பக் கொண்டுவர 4+ உருட்ட வேண்டியிருந்தது. வந்தவரும் ஒரே காயப் புள்ளியுடன்தான் வந்தார். அவரை ஒதுக்கியது அன்று நியாயமான முடிவு.

2023-இல் வந்த பத்தாம் பதிப்பு அந்த வட்டங்களைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, ஒரு கேரக்டர் ஒரு பிரிவோடு இணையும் முறையைக் கொண்டுவந்தது. கேப்டனின் பயன் இப்போது ஒரு பிரிவுக்குள் சுருங்கிவிட்டது. அப்போதிகரியின் 4+ மறைந்துவிட்டது. ஆனால் எட்டாம் பதிப்பில் கற்ற தரவரிசை மட்டும் பலர் மனத்தில் அப்படியே இருக்கிறது. டேட்டாஷீட்டைப் புதிதாகப் படிப்பவர்கள், அதாவது இப்போதுதான் ஆடத் தொடங்கியவர்கள், இவர்களை என்னைவிட விரைவாகக் கண்டுகொள்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு கவனித்தேன்.

வார்ஹாமர் ஃபேன்டஸி என்னும் பழைய சகோதர ஆட்டத்தின் ஆறாம், ஏழாம் பதிப்புகளை ஆடியவர்களுக்கு இந்த வகைப் பயன் புதிதல்ல. அங்கே நேர்ச்சண்டை சமநிலையில் முடிந்தால் முரசோ கொம்போ வைத்திருக்கும் இசைக்காரர் உள்ள பக்கம் ஒரு புள்ளியில் வென்றதாகக் கொள்ளப்படும். ஒருவரையும் கொல்லாத அந்த மாடலால் முழுப் படைப்பிரிவுகள் சிதறி ஓடியிருக்கின்றன.

13 ஏப்ரல் 2024

லைப்ரேரியனை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்ற கேள்விக்கு. அவர் தன் பிரிவுக்கு 4+ இன்வல்னரபிள் சேவ் தருகிறார். கேட்டவுடன் ஈர்க்கும் திறன். 3+ சேவ் உள்ள மரைனை வைத்துப் பாருங்கள். ஊடுருவல் (சேவ் வீச்சைக் குறைக்கும் அளவு) 1 உள்ள ஆயுதத்துக்கு எதிராக அவர் எதையும் மாற்றவில்லை. சேவ் ஏற்கெனவே 4+. ஊடுருவல் 2 வந்தால் 5+ என்பது 4+ ஆகிறது. இழப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் பிரிவு மறைவில் நின்றால் மறைவே அந்த 4+ ஐத் தந்துவிடுகிறது, லைப்ரேரியன் தேவைப்படவில்லை. ஊடுருவல் 3-க்கு, மறைவில்லாத இடத்தில், இழப்பு 40 விழுக்காடு குறைகிறது, 4-க்குப் பாதியாகிறது.

ஆகவே வெட்டவெளியில் முன்னேறி, கனமான ஆயுதங்களை ஏற்று நிற்க வேண்டிய பெரிய பிரிவு உங்களிடம் இருந்தால் அவர் மிகச் சிறந்த தேர்வு. சுவரோடு சுவராக ஆடுபவருக்கு அவர் தரும் பயன் மிகச் சிறிது. நான் சுவரோடு ஆடுபவன். அதனால்தான் அவரை நான் எடுப்பது அரிது. உங்கள் ஆட்டம் வேறு என்றால் என் வரிசையை அப்படியே ஏற்க வேண்டாம்.

20 ஏப்ரல் 2024

வண்ணம் பூசுவது பற்றி ஒரே ஒரு குறிப்பு. அதுவும் ஆட்டத்தைச் சார்ந்ததே. மரபின்படி அப்போதிகரிக்கு வெள்ளை, டெக்மரைனுக்குச் சிவப்பு, லைப்ரேரியனுக்கு நீலம், சாப்ளினுக்குக் கறுப்பு. உங்கள் படை எந்த நிறத்தில் இருந்தாலும் இவர்களுக்கு அந்த நிறங்களையே கொடுங்கள். மேசையின் மறுபுறத்தில் நிற்பவர் எந்தப் பிரிவில் எந்தத் திறன் இருக்கிறது என்பதை ஒரு பார்வையில் அறிய முடிய வேண்டும். அது அவருக்கு நாம் செய்யும் மரியாதை. லெப்டினன்டையும் ஏன்ஷியன்டையும் பொறுத்தவரை முதலாமவரின் ஹெல்மெட் குறியும் இரண்டாமவரின் கொடியுமே அடையாளம். கொடியை ஏனோதானோவென்று பூசாதீர்கள். படையில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் மாடல் அதுவாகத்தான் இருக்கும்.

4 மே 2024

கேள்வி கேட்டவர் தன் படைப்பட்டியலை அனுப்பியிருக்கிறார்: கேப்டன், ஓர் எபிக் ஹீரோ, ஐந்து பேர் கொண்ட இன்டர்செசர் பிரிவுகள் மூன்று, பிளேட்கார்ட் ஒரு பிரிவு, இரண்டு ட்ரெட்நாட்கள், ஒரு டாங்கி, இன்னும் சில. துணைப் பாத்திரங்களில் யாரை, எத்தனை பேரை என்று கேட்கிறார்.

மார்க்கர்களில் நிற்கவும் ஓரங்களில் ஓடிச் சிறு வேலைகளை முடிக்கவும் போதுமான பிரிவுகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவை இல்லாத பட்டியலாக இருந்திருந்தால் நீங்கள் முதலில் சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன்: இன்னொரு பிரிவை எடுங்கள். இருப்பதால் இருவரைச் சேர்க்கலாம். மூன்றாமவரைச் சேர்த்தால் அசாசினேஷன் எதிராளிக்கு மிக எளிதாகிவிடும்.

முதலாமவர் ஏன்ஷியன்ட், நடு மார்க்கருக்குப் போகும் இன்டர்செசர் பிரிவில். கேப்டனும் அதே பிரிவில் இருக்கலாம், டேட்டாஷீட் அதை அனுமதிக்கிறது. ஆனால் இருவரையும் ஒரே இடத்தில் குவிப்பதை நான் விரும்பவில்லை. கேப்டனைப் பிளேட்கார்டோடு அனுப்புங்கள். இரண்டாமவர் டெக்மரைன், அதிகம் நகர்ந்து சுடும் ட்ரெட்நாட்டின் பக்கத்தில், ஒவ்வொரு நகர்விலும் 3 அங்குலத்தை அளந்துகொண்டு. அப்போதிகரியை நான் மேலே அவ்வளவு புகழ்ந்த பிறகு ஏன் விடுகிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் மூன்று இன்டர்செசர் பிரிவுகளும் ஐந்து பேர் கொண்டவை; நடு மார்க்கரில் உறுதியான எதிராளியின் முன் ஐந்து பேர் பிரிவு ஒரே முறையில் முழுவதுமாக அழியும் வாய்ப்பு அதிகம்; முழுவதும் அழிந்தால் அவர் எழுப்ப ஆள் இல்லை. அவற்றில் ஒன்றைப் பத்துப் பேராக்கும் எண்ணம் வந்தால் டெக்மரைனுக்குப் பதில் அவரை எடுத்து அந்தப் பெரிய பிரிவில் சேருங்கள்.

என்ஹான்ஸ்மென்ட் (கேரக்டருக்குப் புள்ளி கொடுத்து வாங்கும் கூடுதல் திறன்) இந்த அளவு ஆட்டத்தில் மூன்று வரை எடுக்கலாம். எபிக் ஹீரோவுக்குக் கொடுக்க முடியாது. மிச்சமிருக்கும் புள்ளிகளில் ஒன்றைக் கேப்டனுக்குக் கொடுங்கள். ஏன்ஷியன்டுக்கு எதையும் கொடுக்காதீர்கள். அவரைக் குறிவைப்பதற்கு எதிராளிக்கு இன்னொரு காரணம் வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை புள்ளிகள் திருத்தப்படுவதால் பட்டியலை இறுதி செய்யும் முன் அப்போதைய புள்ளிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.